நான்கு காவலாளிகளும் ஒரு தூணும்

அன்று சாயங்காலம் அண்ணன் வேலை முடிந்து வந்து, செருப்பை ஒரு மூலைக்கும் தலைக்கவசத்தை இன்னொரு மூலைக்கும் விட்டெறிந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. டப்பா மறுபடியும் கத்தியிருக்கிறது.

“கோட்டான்! எங்கடி ஒளிஞ்சிருக்கே?”

ஊமைக்கோட்டான் என்பது சின்ன வயதில் அவன் வைத்த பெயர். வளர வளர அதில் ஊமை உதிர்ந்து கோட்டான் மட்டும் நின்றது. உதிர்ந்தது பெயரிலிருந்துதான், ஆளிடமிருந்து இல்லை. பேருந்தில் இறங்கவேண்டிய இடம் வந்தால் “நிறுத்துங்க” என்று சொல்ல வாய் வராமல், அடுத்த நிறுத்தம் வரை போய் இறங்கி, வந்த வழியே நடந்து வருகிறவள் அவள்.

சமையலறையில் அண்ணியோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படி வரை வந்து நின்றாள்.

“பெட்டி பாதி வானத்துல தொங்குது. கீழ லாரிக்காரன் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கிறான். உன் டப்பா ஒப்பாரி வைக்குது. அப்புறம் என்ன? இறக்கு, நிறுத்து, ஆள் ஏறிப் பாரு, ஒண்ணும் இல்லேன்னு இறங்கி வா. பாதிப் பொழுது போச்சு. மேஸ்திரி என்ன சொன்னான் தெரியுமா? ‘உன் தங்கச்சி குழந்தை அழுதுடா, போய்ப் பால் குடு’ன்னான். சொல்லிட்டுக் கையை இப்படி வச்சுத் தாலாட்டிக் காட்டுறான். அத்தனை பேரும் சிரிக்கிறானுங்க.”

உள்ளேயிருந்து அண்ணி குரல் கொடுத்தாள். “சிரிச்சா என்ன, பல்லு வெளுப்பா இருக்குன்னு காட்டிக்கிறாங்க. நீங்க எதுக்கு அந்தத் தொப்பியைப் போட்டு உடைக்கிறீங்க?”

“உனக்கென்ன. என்னைக் கிரேன்லேருந்து இறக்கிக் கேட்ல உக்கார வைக்கப் போறான். வர்ற லாரிக்கெல்லாம் கம்பத்தைத் தூக்கித் தூக்கி விடணும். அதுவும் கிரேன்தான், என்ன, கொஞ்சம் சின்னது.”

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். ஆனால் சிரிப்பு கண்ணுக்குப் போகவில்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டாள்.

அண்ணன் துறைமுகத்தில் பெரிய கிரேன் ஓட்டுகிறவன். கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரியில் வைக்கிற கிரேன் அது. அதன் நீண்ட கை, உடம்போடு சேர்கிற இடத்தில் பற்றவைத்த இணைப்பு ஒன்று உண்டு. பல வருடம் பாரம் தூக்கிய கைகளில் அந்த இடத்தில்தான் விரிசல் விழும். பெயின்டுக்கு அடியில், இரும்புக்கு உள்ளே, மயிரிழை அளவில். கண்ணுக்குத் தெரியும்போது கை கீழே கிடக்கும், சில சமயம் ஆளும் சேர்ந்து கிடப்பான். அந்த விரிசலை முன்கூட்டியே கேட்பதற்குத்தான் அவள் வேலை பார்த்த சின்னக் கம்பெனி டப்பாவைச் செய்தது. முதல் டப்பாவை எந்தக் கிரேனில் வைத்துப் பார்ப்பது என்று தேடியபோது, மேஸ்திரியிடம் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தவன் அண்ணன்தான். என் தங்கச்சி செஞ்சது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி வைத்தான். அதுதான் இப்போது அவன் தலையில் வந்து விடிந்திருந்தது.

சாப்பிடும்போது அவன் கொஞ்சம் ஆறியிருந்தான். “சரி, அது ஏன் கத்துதுன்னாவது சொல்லேன். இன்னொரு தடவை சொல்லு, புரியற மாதிரி.”

வீட்டில் மட்டும் அவளுக்குப் பேச்சு வரும். அதுவும் டப்பாவைப் பற்றியென்றால் நன்றாகவே வரும். “இரும்புக்குள்ள ஒரு அலையை அனுப்புறோம், அண்ணா. காதுக்குக் கேக்காத அலை. இரும்பு முழுசா இருந்தா, போன அலை போன மாதிரியே வரும். விரிசல் இருந்தா அதோட ரெண்டு உதடும் ஒண்ணோட ஒண்ணு தட்டிக்கும். அப்பப் போன அலையை விட ரெண்டு மடங்கு வேகமா துடிக்கிற புது அலை ஒண்ணு கூட வரும். ரொம்பச் சன்னமா. பெரிய மேளத்துக்குப் பக்கத்துல கொசு பாடுற மாதிரி.”

“கொசுவைக் கேக்கணும், மேளம் காதைக் கெடுக்கக் கூடாது.”

“ஆமா. வர்றது அலை, கம்ப்யூட்டருக்குப் புரியறது எண்ணு. அலை ஓடஓட அதோட உயரத்தை அளந்து அளந்து எண்ணா எழுதணும். ஒரு நொடிக்குள்ள கோடிக்கணக்குல அளக்கணும். ஒவ்வொண்ணும் மயிரிழை பிசகாம இருக்கணும். வேகமா அளக்குற சிப்பு உத்தேசமாத்தான் அளக்கும். நுணுக்கமா அளக்குறது மெதுவாத்தான் அளக்கும்.”

“ரெண்டும் ஒரே ஆளு செய்ய முடியாதா? உங்க அண்ணி வேகமாவும் திட்டுறா, நுணுக்கமாவும் திட்டுறா.”

“தட்டைப் பாத்து சாப்பிடுங்க” என்றாள் அண்ணி.

“அதனால நாலு நுணுக்கமான சிப்பை வச்சிருக்கோம். முறை வச்சு அளக்கும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, மறுபடி ஒண்ணு. நாலையும் ஒரே வரிசையில கோத்தா வேகமும் வந்துடும். ஆனா நாலும் நாலு தராசு. ஒண்ணு வெறும் தட்டுலயே துளி எடை காட்டும். இன்னொண்ணு துளி குறைச்சுக் காட்டும். முறை சுத்தி வரும்போது அந்தத் துளி வித்தியாசமும் ஒரு அலை மாதிரி சுத்தி வரும். இல்லாத அலை. நாங்க அதைப் பேய்க்கோடுன்னு சொல்வோம்.”

“அப்ப என் கிரேன்ல பேய்தான் உக்காந்திருக்கு.”

“பாத்துட்டுச் சொல்றேன்” என்றாள்.

அடுத்த நாளே போனாள். கிரேனின் காலடியில் தகரக்கதவு போட்ட சின்ன அறை. சுவரில் டப்பா, அதிலிருந்து மேலே இணைப்பில் ஒட்டவைத்த வில்லை வரை ஒரு வயர், கீழே ஒரு திரை. திரையில் கடல் மாதிரித் தட்டையான இரைச்சல், அதன் மேல் பெரிய கோபுரம் போல அனுப்பிய அலையின் கோடு. தள்ளி, இருமடங்கு இடத்தில், ஒல்லியாக இன்னொரு கோடு. அது எழும்பிச் சிவப்பு எல்லையைத் தொட்டால் சைரன் அடிக்கும்.

நாள் முழுக்க அந்த ஒல்லிக் கோட்டையே பார்த்தாள். காலையில் அது இரைச்சலுக்குள் படுத்திருந்தது. வெயில் ஏற ஏறக் கோடும் ஏறியது. உச்சி வெயிலில் சிவப்பைத் தொட்டு மீண்டும் ஒரு கத்தல். பெயின்டைத் தொட்டுப் பார்த்து, டார்ச் அடித்துப் பார்த்து, பரிசோதகர்கள் கையை விரித்தார்கள். சாயங்காலம் கோடு தன்பாட்டில் படுத்துக்கொண்டது.

சூட்டில் சிப்புகள் தடம் மாறும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்கு. பேய்க்கோடு வெயிலோடு ஏறி வெயிலோடு இறங்குவது அவள் தொழிலில் எழுதப்படாத பாலபாடம். அந்தக் கோடு விழுந்த இடமும் பேய் உட்காருகிற அதே இடம், அளக்கிற வேகத்தில் சரியாகக் கால் பங்கு, நான்கு சிப்பின் முறை ஒரு சுற்று வருகிற வேகம். அனுப்புகிற அலையை அந்த அளக்கிற வேகத்தின் எட்டில் ஒரு பங்காக வைத்தவள் அவள்தான். அலையையும் அளவையும் ஒரே கடிகாரத்தில் கட்டிவிட்டால் எண்கள் பிசிறில்லாமல் வரும் என்பது அவர்கள் எல்லோருக்கும் பழக்கம், அதில் ஓர் அழகும் உண்டு. எட்டில் ஒன்றின் இருமடங்கு கால். பேயும் கொசுவும் ஒரே நாற்காலியில் உட்காரும்படி ஆகிவிட்டது. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. பேயை விரட்டிவிட்டால் நாற்காலி கொசுவுக்குக் கிடைக்கும் என்று நினைத்தாள்.

விரட்ட வழியும் இருந்தது. சிப்புகளை ஆரம்பத்தில் ஒருமுறை திருத்திவிட்டு விடுவதற்குப் பதில், ஓடும்போதே திருத்திக்கொண்டிருக்கச் செய்வது. உண்மையான அலை மேலும் போகும் கீழும் போகும், நீண்ட நேரம் கூட்டிப் பார்த்தால் மிச்சம் பூஜ்யம். ஒரு சிப்பிடம் மிச்சம் இருந்தால் அது அந்தச் சிப்பின் சாய்வு. கழித்துவிடலாம். கம்பெனியில் பக்கத்து மேசைக்காரனைக் கேட்டாள். சுருட்டை முடி என்பதால் அவனுக்குச் சுருட்டை என்றே பெயர்.

“பழைய வைத்தியம்தானே, போட்டு விடு” என்றான் அவன். “உங்க அண்ணனையும் கொஞ்சம் நிம்மதியா விடு.”

போட்டு விட்டாள். கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, இரைச்சலுக்குள் முங்கி, காணாமல் போனது. உச்சி வெயிலிலும் எழவில்லை. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

“இனிமே கத்தாது, அண்ணா” என்று வீட்டுக்கு வந்து சொன்னாள்.

“கத்தினா?”

“கத்தினாலும் அது என் டப்பாவோட தப்புதான். கிரேனுக்கு ஒண்ணும் இல்ல. நீ பாட்டுக்கு வேலையைப் பாரு, நான் வந்து பாத்துக்கறேன்.”

“கோட்டான் வாயிலேருந்து வந்தா கல்வெட்டு” என்றான் அண்ணன். ஒரு பை ஆரஞ்சு வாங்கிவந்து அவள் மேசையில் வைத்தான். அதில் பாதியை அவனே தின்றான்.

அதன் பிறகு நாட்கள் சத்தமில்லாமல் போயின. மேஸ்திரி தாலாட்டுவதை விட்டுவிட்டான் என்றும், டப்பா கத்தத் தொடங்கியதிலிருந்து நின்று போயிருந்த கனமான சரக்குகளை மறுபடி அண்ணனுக்கே கொடுக்கிறான் என்றும் அண்ணி சொன்னாள். கேட் வேலைப் பேச்சு அடங்கிவிட்டது. தொப்பி இப்போது ஆணியில் தொங்கியது.

டப்பா கத்தாமல் இருப்பதைப் பார்த்து வேறு ஒரு துறைமுகத்திலிருந்தும் கேட்டு வந்தார்கள். அடுத்த டப்பாக்களைச் சோதிக்கிற வேலை அவளுடையது. சோதனைக்கு ஓர் இரும்புக் கட்டை உண்டு. வேண்டுமென்றே வளைத்து வளைத்து விரிசல் விழவைத்த கட்டை. சுருட்டை அதற்கு ஓட்டைவாய் என்று பெயர் வைத்திருந்தான். இரும்பில் ஒட்டவைக்கிற வில்லைக்கு அவர்கள் வைத்த பெயர் ஒட்டு; அதை ஓட்டைவாய் மேல் வைப்பார்கள். கால் பங்கு இடத்தில் கோடு எழும்பினால் டப்பா நல்லது. எடுத்துவிட்டு அடுத்தது. ஒரு வாய்த் தேநீர் குடிக்கிற நேரம்கூட ஆகாது.

அன்று காலை ஒட்டை வைத்தாள், கோடு எழும்பியது, எடுக்கக் கை நீட்டும்போது அண்ணி போன் செய்தாள். அண்ணி போன் செய்தால் வைப்பதற்கு ஒரு யுகம் ஆகும். கேஸ் அடுப்பு ஒரு பக்கம் எரியவில்லை என்று தொடங்கி, மாடிவீட்டுக்காரி துணி காயப்போட்டு இவள் துணியில் தண்ணீர் சொட்டவிட்ட கதைக்குப் போய், கடைசியில் அண்ணனிடம் வந்தாள்.

“இன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாரு. ஏதோ ஃபேக்டரிக்கு வந்த மிஷினாம், பெரிய சரக்காம். இதுவரைக்கும் அந்தக் கிரேன்ல அவ்வளவு தூக்கினதே இல்லையாம். மாப்பிள்ளை மாதிரி தலையைச் சீவிக்கிட்டுப் போறாரு. ஏன் பேச மாட்டேங்குற? இருக்கியா?”

அவள் இருந்தாள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோடு பாதியாகியிருந்தது.

ஒட்டு கழன்றதோ என்று தொட்டுப் பார்த்தாள். இறுக்கமாக இருந்தது. ஓட்டைவாய் அசையாமல் அதே இடத்தில் கிடந்தது. அவள் பார்க்கப் பார்க்கவே கோடு தணிந்தது, நீரில் நிற்கிறவன் மெல்ல மெல்ல முட்டி மடக்குகிற மாதிரி. இரைச்சல் மட்டத்துக்கு வந்தது. முங்கியது. விரிசல் எங்கும் போகவில்லை. கோடு போய்விட்டது.

“அண்ணி, அப்புறம் பேசறேன்.”

ஓடும்போதே திருத்துகிற அந்த வேலையை நிறுத்தினாள். கோடு குபீரென்று எழுந்து பழைய உயரத்தில் நின்றது. மறுபடி போட்டாள். மறுபடி முட்டி மடக்கத் தொடங்கியது.

“என்ன, கட்டைக்குக் குணமாயிடுச்சா?” என்று சுருட்டை எட்டிப் பார்த்தான். பார்த்தவன் சிரிப்பை நிறுத்தினான்.

நான்கு காவலாளிகள் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு முற்றத்தைப் பார்த்த ஒரே ஜன்னலுக்கு நான்கு காவலாளிகள் முறைவைத்து வருகிறார்கள். முற்றத்தில் ஒருவன் சுற்றிச் சுற்றி நடக்கிறான். அவன் ஒரு சுற்று முடிப்பதற்கும் நான்கு பேரின் முறை ஒரு சுற்று முடிவதற்கும் சரியாக இருந்தால் என்ன ஆகும்? முதல் காவலாளி எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவன் கிழக்கு மூலையில் நிற்பான். இரண்டாமவனுக்கு எப்போதும் தெற்கு மூலை. ஒவ்வொரு காவலாளியின் கண்ணுக்கும் நடக்கிறவன் அசையவே மாட்டான். அசையாதது ஆள் இல்லை, தூண். தூண் நிற்கிறது என்று எந்தக் காவலாளியும் போய்ச் சொல்லமாட்டான். கொஞ்ச நாளில் அதைப் பார்ப்பதையே விட்டுவிடுவான்.

கடிகாரத்தோடு காலடி மாறாமல் நடக்கும்படி அந்த அலையைப் பழக்கியவள் அவள்தான். தூணைக் கண்டால் கழித்துவிடு என்று காவலாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

அப்படியென்றால் துறைமுகத்தில் அவள் விரட்டியது எதை? பேயையா, விரிசலையா? வெயிலில் சிப்பு மட்டும் தடம் மாறுவதில்லை. வெயிலில் இரும்பும் விரியும். இரும்பு விரிந்தால் விரிசலும் வாய் திறக்கும்.

“உங்க அண்ணனுக்குப் போன் பண்ணு” என்றான் சுருட்டை.

“மேல ஏறும்போது போனைக் கீழ லாக்கர்ல வச்சிடணும். அங்க சட்டம்.”

“மேஸ்திரிக்கு?”

எண் இருந்தது. அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து, அவனே பிடுங்கி அடித்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கப்பல் இறக்குகிற இரைச்சலில் யார் காதில் விழும்? அவள் பையைக்கூட எடுக்காமல் கிளம்பினாள்.

வண்டியில் போகும்போது சொல்லவேண்டியதை வாய்க்குள் கோத்துக்கொண்டே போனாள். கிரேனை நிறுத்துங்க. டப்பா சொன்னது நிஜமா இருக்கலாம். நான்தான் அதோட வாயை அடைச்சிட்டேன். கிரேனை நிறுத்துங்க. நான்கைந்து முறை சரியாக வந்தது.

துறைமுக வாசலைத் தாண்டி உள்ளே போனதும் மேஸ்திரியே எதிரில் நின்றான். இடுப்பில் வாக்கி-டாக்கி தொங்கியது. அதில் ஒரு பொத்தானை அழுத்தி ஒரு வார்த்தை சொன்னால் மேலே அண்ணன் காதில் விழும். அவனைச் சுற்றி ஐந்தாறு பேர்.

“அடடே, டப்பாம்மா! குழந்தை சமத்தாத் தூங்குதே, எதுக்கு எழுப்ப வந்தே?”

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, சொந்தக்காரச் சிரிப்புதான். அவள் வாயைத் திறந்தாள். கோத்து வைத்ததில் ஒரு வார்த்தைதான் நினைவில் வந்து நின்றது. இருக்கலாம். அவளிடம் இருந்தது ஒரு ‘இருக்கலாம்’ மட்டும்தான். எத்தனை முறை இவர்கள் வேலையைக் கெடுத்தாயிற்று. அண்ணனைப் பார்த்து எத்தனை பேரைச் சிரிக்க வைத்தாயிற்று. இத்தனை பேர் நடுவில், கையில் ஒன்றும் இல்லாமல், மறுபடி நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்வது? முதலில் திருத்தத்தை எடுத்துவிட்டுப் பார்ப்போம். கோடு எழுந்தால் சைரனே சொல்லிவிடும். அவள் சொன்னால் ஒரு பேச்சு, சைரன் சொன்னால் சட்டம்.

“சும்மா ஒரு செக்கிங்” என்றாள்.

“பண்ணு, பண்ணு. ஆனா அழ விட்டுடாதே தாயி. இன்னிக்குப் பெரிய சரக்கு.”

தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். நடை ஓட்டமாயிற்று. கப்பலுக்கு மேலே கிரேனின் கை நீண்டிருந்தது. கம்பிகள் இறுகி, அடியில் தார்ப்பாய் சுற்றிய ஒரு மலை அப்போதுதான் தளத்தை விட்டு எழும்பிக்கொண்டிருந்தது.

தகரக்கதவைத் திறந்தாள். திரையில் ஒல்லிக் கோடு இருந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. திருத்தத்தை நிறுத்தினாள்.

கோடு எழுந்தது. ஓட்டைவாயில் அவள் எந்த நாளும் பார்த்த உயரத்தைத் தாண்டி, சிவப்பைத் தாண்டி, அனுப்பிய அலையின் கோபுரத்துக்குத் தோள் கொடுக்கிற மாதிரி எழுந்தது. பேய் அவ்வளவு உயரம் வளராது.

சைரன் அடித்தது.

வெளியே ஓடி வந்து அண்ணாந்து பார்த்தாள். உயரத்தில் கண்ணாடிக் கேபினுக்குள் அண்ணன் குனிந்து கீழே தேடினான். அவளைக் கண்டுகொண்டான். அவன் முகம் மலர்ந்தது அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது. தங்கை வந்திருக்கிறாள், டப்பாவை நோண்டுகிறாள், அதுதான் கத்துகிறது. கத்தினாலும் டப்பாவோட தப்புதான், நீ பாட்டுக்கு வேலையைப் பாரு. அவன் ஒரு கையை விசையில் வைத்துக்கொண்டே மறுகையை மடித்துக் குழந்தையைத் தாலாட்டுவது போல இரண்டு ஆட்டு ஆட்டிக் காட்டினான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து சரக்கைத் தூக்கினான்.

“நிறுத்து!”

அவள் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. “அண்ணா, நிறுத்து! இறக்கு!” சைரன் அதை அப்படியே விழுங்கியது. இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினாள். அவன் பார்வை இப்போது சரக்கின் மேல் இருந்தது. திரும்பி மேஸ்திரியிடம் ஓடினாள். அவன் காதைப் பொத்திக்கொண்டு, “செக்கிங்காம்பா, செக்கிங்காம்” என்று லாரிக்காரர்களுக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தான். அவன் இடுப்பிலிருந்து வாக்கி-டாக்கியைப் பறித்தாள். எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை.

சைரனையும் மீறி அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. காய்ந்த கிளை முறிகிற மாதிரி ஒன்று.

கை முழுதாக விழவில்லை. இணைப்பில் ஒரு பக்கம் பிளந்து மடங்கியது. தார்ப்பாய் மலை கப்பல் தளத்தில் விழுந்தது. பாரம் விட்ட வேகத்தில் கேபின் பின்னால் போய்த் தூணில் மோதியது. கண்ணாடி முழுக்க மழையாக வந்தது. அப்புறமும் சைரன் அடித்துக்கொண்டேயிருந்தது, யாரோ போய் அதன் வயரைப் பிடுங்கும் வரை.

அண்ணன் பிழைத்தான். பிழைத்தான் என்றுதான் ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொன்னார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை, தெரியப்போவதும் இல்லை என்பதை டாக்டர் அண்ணியை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அண்ணி திரும்பி வந்து, போர்வையை அவன் கால் வரை இழுத்துச் சரி செய்து, கால் பெருவிரலைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்க வழியில்லை.

விசாரணைக்காரர் வந்தபோது அண்ணனால் பேச முடிந்தது. வயதானவர், பொறுமையானவர். கட்டில் ஓரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மேஸ்திரி சுவரோடு சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அண்ணி தண்ணீர்ப் பாட்டிலை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

“சைரன் அடிச்சிருக்கு. அடிச்சா நிறுத்தணும்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும் சார்.”

“ஏன் நிறுத்தலை?”

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தான். “காதுல விழல சார்.”

“அவ்வளவு பெரிய சைரனா?”

“விழல சார். சரக்கு மேல கவனம். நான் வேற கொஞ்சம் செவிடு. வீட்டுல கேட்டுப் பாருங்க, கூப்பிட்டா ஏன்னு கேக்க மாட்டேன்.”

அண்ணி உடைந்தாள். “செவிட்டு மனுஷன்! நான் காட்டுக் கத்தல் கத்துவேன், காதுலயே போட்டுக்க மாட்டாரு. இப்பப் பாருங்க, இப்பப் பாருங்க…”

“அப்ப ஓட்டுனரோட கவனக்குறைவுன்னு…” என்று விசாரணைக்காரர் மெல்லச் சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

அவள் மேஸ்திரியைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. செக்கிங் என்ற வார்த்தை அவனுக்கும் தெரியும். அவன் சொல்லமாட்டான். அண்ணன் சொல்லமாட்டான். டப்பாவைக் கழற்றி எங்கோ கிடங்கில் போட்டிருக்கிறார்கள்.

“அண்ணனுக்குக் கேட்டுச்சு” என்றாள்.

தனக்கே சரியாகக் கேட்காத குரல். விசாரணைக்காரர் நிமிர்ந்தார். “என்னம்மா சொன்னீங்க?”

“கோட்டான்” என்றான் அண்ணன். “வாயை மூடு.”

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இரும்பு சில்லென்று இருந்தது.

“அண்ணனுக்குச் சைரன் கேட்டுச்சு சார். குனிஞ்சு பாத்தாரு. கீழ நான் நின்னேன். என்னைப் பாத்தாரு. அதனாலதான் நிறுத்தலை.”

அண்ணி கையில் பாட்டில் மூடி நின்றது. விசாரணைக்காரர் பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மேலே சொல் என்பது போல அவளைப் பார்த்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய இமையின் ஓரத்திலிருந்து ஒன்று வழிந்து காதுப் பக்கம் போனது.

அவள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.